பட்டைச் சோறும் பாக்கிச் சம்பளமும்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்குக் காற்று வேண்டாம். மடியில் இருப்பதெல்லாம் காகிதம். பறந்துவிட்டால் மதுரை போய்ச் சேர்வதற்குள் வழக்குத் தோற்றுவிடும். இல்லை, நான் வக்கீல் இல்லை. சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். வக்கீலுக்கு ஒரு படி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியில் நிற்பவர்களுக்குத்தான் சட்டம் ஞாபகம் இருக்கும். மேலே ஏறியவர்கள் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஓர் ஆளைத் திருடன் என்று பிடித்து உள்ளே போடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருக்கிறார். பிறகு கோர்ட்டே விடுதலை செய்து அனுப்பிவிடுகிறது. பழைய வேலைக்குப் போகிறார். வேலை தருகிறேன், ஆனால் உள்ளே இருந்த காலத்துக்குச் சம்பளம் கிடையாது, அப்போது நீ வேலைக்கு வரவில்லையே என்கிறார் முதலாளி. போலீஸில் புகார் கொடுத்துப் பிடித்துக் கொடுத்ததே அந்த முதலாளிதான். வெளியே பூட்டைப் போட்டுவிட்டு, ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்று கதவைத் தட்டுகிற மாதிரி. இது சரியா, தப்பா?

தப்பு என்கிறீர்கள், நல்லது. இப்போது சொல்கிறேன், அந்த ஆள் எங்கள் அப்பா. முதலிலேயே சொல்லியிருந்தால் முகத்துக்காகத் தப்பு என்று சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் பெயர் சொல்லாமல் கேட்டேன். நான் எப்போதும் நடுநிலையாகத்தான் பேசுவேன்.

எங்கள் ஊர் மணிக்குறிச்சி. தாமிரபரணிக் கரையில் ஒரு சிவன் கோயிலும் அதைச் சுற்றி நாங்களும். அரசாங்கக் கோயில் இல்லை, ஒரு பெரிய குடும்பத்தின் அறக்கட்டளைக் கோயில். குடும்பம் மதுரையில், சாமி மணிக்குறிச்சியில், நடுவில் ஸ்ரீகாரியம் என்று ஒருவர். பழைய காலத்துப் பட்டம் அது. இந்தக் காலத்தில் சொன்னால் மேனேஜர். அப்பா அங்கே மெய்க்காவல். ராத்திரி கோயிலைக் காப்பது, பகலில் கூட்டம் வந்தால் கயிறு பிடிப்பது. அப்பா பெயர் சிவனணைந்த பெருமாள். எத்தனை தலைமுறையாகக் காவல் என்றெல்லாம் சொல்லி உங்களை இளக வைக்க மாட்டேன். தலைமுறை ஒரு வாதம் இல்லை.

அம்பாளுக்கு ஒரு பதக்கம் உண்டு. ஆனித் திருவிழாவுக்கு மட்டும் எடுத்துப் போடுவார்கள். மற்ற நாளில் பெட்டக அறையில் இருக்கும். அந்த அறைக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி குடும்பத்தாரிடம், ஒன்று ஸ்ரீகாரியத்திடம், ஒன்று பட்டரிடம். மூன்று பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒரு திருவிழாவுக்குத் திறந்தார்கள், பதக்கம் இல்லை. யாரைப் பிடித்தார்கள்? ஒரு சாவியும் இல்லாதவரை. சம்பவ இடத்தில் இருந்தாராம். காவல்காரர் வேறெங்கே இருப்பார்? இருந்ததுதான் குற்றம் என்றால் முதலில் நந்தியைப் பிடித்திருக்க வேண்டும். அது அப்பாவைவிட அதிக காலமாக அங்கேயே இருக்கிறது.

அம்பாள் பெயரைத்தான் எனக்கும் வைத்திருக்கிறார்கள், ஆவுடைநாயகி. முதல் தகவல் அறிக்கையில் ‘ஆவுடைநாயகியின் பதக்கம்’ என்று இருந்ததைப் படித்துவிட்டு என் வகுப்புப் பையன் ஒருவன், உன் பதக்கத்தை உன் அப்பா எடுத்தால் அது எப்படித் திருட்டாகும் என்று கேட்டான். கேள்வி என்ற அளவில் நல்ல கேள்வி.

ஜாமீன் கிடைத்தது. கிடைத்து என்ன? சொந்த வீடும் தீர்வை ரசீதும் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்படிப்பட்டவர்கள் ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாக அம்மாவும் நானும் ஏறினோம். அப்பா எடுத்திருக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் அம்பாள் நகை விஷயம், நாளைக்குப் பிள்ளைகுட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றார்கள். ஒருவர் காப்பி கொடுத்து அனுப்பினார். ஆக, அப்பா உள்ளேயே இருந்தார். ஜாமீன் உத்தரவு வெளியே பத்திரமாக இருந்தது.

வேலையில் தாற்காலிக நீக்கம் என்றால் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். பிழைப்பூதியம் என்பார்கள். கேட்டேன். தரலாம், ஆனால் வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று உங்கள் அப்பா மாதாமாதம் நேரில் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார் ஸ்ரீகாரியம். அப்பா ஜெயிலில் இருக்கிறாரே என்றேன். அது அவருடைய சொந்த விஷயம் என்றார். இதை நான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சொல்லிக் கோப்பை வாங்கினேன். பிழைப்பூதியம் மட்டும் வாங்கவில்லை.

இனி சோற்று விஷயத்துக்கு வருகிறேன். வழக்கின் மையமே அதுதான். உங்கள் ஊர்க் கோயிலில் இது உண்டோ இல்லையோ, எங்கள் கோயிலில் சம்பளம் இரண்டு பகுதி. ஒன்று மாதம் பிறந்தால் பணம். இன்னொன்று தினமும் சோறு. உச்சிக்காலப் பூஜை முடிந்ததும், சாமிக்குப் படைத்த சோற்றை ஒரு வட்டப் பாத்திரத்தில் அழுத்திக் கவிழ்ப்பார்கள். கட்டியாக வந்து நிற்கும். பட்டை என்று சொல்வோம். வேலை பார்ப்பவர் ஒருவருக்கு ஒரு பட்டை. ஒரு சின்னக் குடும்பத்தின் மத்தியானச் சாப்பாட்டுக்கு அது போதும். அதனால் கோயில் வேலைக்காரர்கள் வீட்டில் மத்தியானம் உலை வைப்பதே கிடையாது. குழம்பைக் காலையிலேயே வைத்து இறக்கிவிடுவார்கள். நான் பிறந்ததிலிருந்து அம்மா மத்தியானம் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை.

அப்பாவைக் கூட்டிப் போன மறுநாள் மத்தியானம் அம்மா குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு இல்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அப்போது வாசலில் மடப்பள்ளி மாமா வந்து நின்றார். பெயர் ஹரிஹரன், மடப்பள்ளியில் சமைப்பவர். எங்கள் அப்பா வயதுதான். ஈர வேஷ்டி. கையில் ஒரு தூக்கு, அதில் வாழை இலை மூடின ஒரு பட்டை. படியில் வைத்துவிட்டு, “பாத்திரத்த நாளைக்கு வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அப்பா விடுதலையாகி வருகிற வரைக்கும் தினமும் வந்தார். மழை, கிரகணம், மாமிக்கு டைஃபாய்டு, எதற்கும் நிற்கவில்லை. உள்ளே வரமாட்டார், உட்காரமாட்டார், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாமீனுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் இருப்பது கோயில் வீடு, தீர்வை ரசீது அவருக்குக் கிடையாது, போட்டாலும் செல்லாது என்பது உண்மைதான். ஆனால் செல்லாத கையெழுத்தையாவது போட முன்வந்தாரா? வரவில்லை. சோறு கொண்டுவந்தார். சோறு கொண்டுவருவது சுலபம். கொள்கை என்று ஒன்று வரும்போதுதான் மனிதர்களைத் தெரிகிறது.

பிறகு விடுதலை. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு. பதக்கம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று சாவிகளும் பத்திரமாக இருக்கின்றன.

அப்பா வந்தது சரியாக மத்தியானச் சாப்பாட்டு நேரம். அம்மா இலை போட்டு, பட்டையை உடைத்து வைத்தாள். அப்பா சோற்றைப் பார்த்தார். இது எங்கேருந்து என்று கேட்டார். ஹரிஹரன் மாமா தினமும் கொண்டுவருகிறார் என்றோம். தினமுமா என்றார். தினமும் என்றோம். அப்பா ரொம்ப நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயிலில் இருந்து வந்தவர்களுக்கு அப்படி இருக்குமாம், ஒரு கட்டுரையில் படித்திருக்கிறேன். பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

ஸ்ரீகாரியம் வேலையைத் திருப்பித் தந்தார். பாக்கிச் சம்பளம் கிடையாது என்றார். தீர்ப்பில் நிரபராதி என்றா இருக்கிறது, சந்தேகம் என்றுதானே இருக்கிறது, சந்தேகத்துக்கெல்லாம் சம்பளம் தர முடியுமா என்று என்னையே கேட்டார். அப்பா, வேலை கிடைத்ததே போதும் என்றார். எப்படிப் போதும்? அம்மாவின் தாலிக்கொடி வக்கீல் பீஸுக்காக அடகில் இருக்கிறது. அதைக்கூட விடுங்கள். பாக்கிச் சம்பளத்தை வாங்காமல் வேலைக்குப் போனால், உள்ளே இருந்தது நியாயந்தான் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. தெருவில் யாராவது நாளைக்கு, திருடினவனை மன்னிச்சு வேலை குடுத்தாங்க என்று சொன்னால் என்ன பதில்? சம்பளம் வந்தால் மன்னிப்பு இல்லை, பாக்கி. மன்னிப்புக்கும் பாக்கிக்கும் நடுவில்தான் எங்கள் குடும்பத்தின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

யோசித்தேன். ஒரு நாள், அரசியலமைப்பு வகுப்பில், வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பிடிபட்டது. சோறும் சம்பளம்தானே? அப்பா ஜெயிலில் இருந்த காலம் முழுக்க கோயிலிலிருந்து சோறு வந்திருக்கிறது. அப்படியானால் கோயில் அவரை வேலைக்காரர் என்று தினமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டு பாதிச் சம்பளத்தைச் சோறாகக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைப் பணமாகக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முடியாது. பாருங்கள், உங்களுக்கே புரிகிறது.

அன்று ராத்திரி அப்பா காவலுக்குக் கிளம்பும்போது சொன்னேன். செருப்பில் ஒரு காலை விட்டபடி நின்றார்.

“ஏட்டி, அத எழுதாத.”

“ஏன்?”

“எழுதாத.”

“காரணம் சொல்லுங்கப்பா. காரணம் இல்லாத மறுப்பு செல்லாது.”

“சோத்த இழுக்காத. வேற என்ன வேணும்னாலும் எழுதிக்கோ.”

காரணம் சொல்லவே இல்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டார்ச் இருக்கிறது, ஆனாலும் அவருக்கு லாந்தர்தான். ஒரு வருஷம் உள்ளே இருந்தும் அவர் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அடிமை மனோபாவம் என்பது இதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, முதலில் உன் தட்டைக் கழுவு என்றாள்.

மறுநாளே மாமா வீட்டுக்குப் போனேன். சாட்சி வேண்டுமே. மாமா உள்ளே கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமிதான் முதலில் வந்தாள். வந்த காரணத்தைச் சொன்னதும் மாமி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஏன்டீம்மா, அந்த வருஷம் பூரா எங்காத்துல மத்தியானமும் அடுப்பு எரிஞ்சுது, தெரியுமோ? சிலிண்டர் எப்படிக் கரைஞ்சுதுன்னு எனக்கும் அந்த அம்பாளுக்குந்தான் தெரியும்.”

நான் எங்கள் அப்பாவின் மானத்தைப் பற்றிப் பேசுகிறேன், இவள் சிலிண்டரைப் பற்றிப் பேசுகிறாள். இப்படித்தான் அக்கா, மனிதர்களிடம் பெரிய விஷயத்தைக் கொண்டுபோனால் அவர்கள் அதன்மேல் கேஸ் விலையைக் கொண்டுவந்து வைப்பார்கள். விலைவாசி எல்லாருக்கும்தான் ஏறுகிறது மாமி என்றேன், பொறுமையாகத்தான். மாமா துணியைப் போட்டுவிட்டு வந்தார்.

“அவ கெடக்கா, நீ சொல்லு. இத எழுதினா சிவனணைஞ்சானுக்குப் பணம் வருமா?”

“வரும் மாமா.”

“பாதியா, முழுசா?”

“முழுசா.”

“கோயில் சோறுன்னு நான் வந்து சொல்லணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். நடந்ததைச் சொன்னால் போதும்.”

“அப்படிச் சொல்லலேன்னா?”

“வராது.”

மாமா மாமியைப் பார்த்தார். மாமி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது, கொஞ்சம் பலமாகவே. “சரி, எழுதிக்கோ. வரேன்” என்றார் மாமா. பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். சட்டத்தை எடுத்துச் சொன்னால் யாருக்கும் தைரியம் வரும்.

விசாரணை மதுரையில், அறக்கட்டளை ஆபீஸில். இதே பஸ்ஸில்தான் அப்பா, மாமா, நான் மூன்று பேரும் போனோம். மூன்று பேர் கொண்ட குழு, நடுவில் தலைவர், பெரிய மீசை. நான் எழுந்து என் வாதத்தைச் சொன்னேன். அந்த அறையில் மின்விசிறி கூட நின்று கேட்டது. மின்தடைதான், இருந்தாலும். தலைவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டார்.

அவர் வீட்டுக்கு நீர் கொண்டுபோய்க் கொடுத்தது எந்தச் சோறு என்று கேட்டார். கோயில் சோறு, அவர் பங்கு, நான் நிறுத்தவில்லை என்றார் மாமா. நிறுத்தச் சொல்லியும் கொடுத்தீரா? ஆமாம். யார் உத்தரவில்? யார் உத்தரவும் இல்லை.

அப்போது ஸ்ரீகாரியம் எழுந்து ஒன்று சொன்னார். அப்பாவைக் கைது செய்த அன்றைக்கே அவர் பங்கு அரிசியை அளவிலிருந்து குறைத்துவிட்டேன், பானைக்குப் போன அரிசியில் அந்தப் பட்டையே கிடையாது என்றார். அன்றைக்கே! ஒரு மனிதனைத் திருடன் என்று முடிவு கட்ட இவருக்கு அரை நாள் கூட வேண்டியிருக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். அளக்காத அரிசி எப்படிச் சோறாகும் என்று தலைவர் மாமாவைக் கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்தார். தண்ணீர் கூட விட்டுக் குழைய வடித்தால் ஒரு பட்டை கூடுதலாக வரும் என்றார். 

உங்களிடம் சொல்வதற்கென்ன, நாங்கள் சாப்பிட்ட சோறு ஒரு நாளும் குழைந்திருந்ததில்லை. பொலபொலவென்றுதான் இருக்கும். அதை நான் அங்கே சொல்லவில்லை. நமக்குச் சாதகமான சாட்சியைக் குறுக்கே கேட்கக்கூடாது, பாடத்திலேயே இருக்கிறது.

“உம்ம பங்கு?” என்றார் தலைவர்.

“எனக்கு வந்துது.”

பின்னால் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்துவிட்டார். “ஐயா, அது வந்து…” என்று ஆரம்பித்தார்.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சிவனணைஞ்சான், உக்காரு. இப்போ என்னத்தான் கேட்டுண்டிருக்கா.”

நானும் உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். ஜெயிக்கிற நேரத்தில் கட்சிக்காரர் உணர்ச்சிவசப்பட்டால் கெடுத்துவிடுவார். அப்பா நின்றார், நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது அப்பாவும் மாமாவும் ஒரே சீட்டில். கோவில்பட்டி தாண்டி மாமா அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்பா இறங்குகிற வரைக்கும் தோளை அசைக்கவில்லை. ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரியே இல்லை. நான்தான் பின் சீட்டில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

உத்தரவு வந்தது. முழுச் சம்பளம். காசு குறையாமல். நான் எழுதின வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சோறு வழங்கப்பட்டு வந்ததால் பணித் தொடர்பு அறுபடவில்லை என்று. கல்லூரியில் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முதல் பத்தியை மட்டும். ஏனென்றால் இரண்டாவது பத்தி அந்த உத்தரவின் அழகையே கெடுத்துவிட்டது. உத்தரவு இல்லாமல் கோயில் சோற்றை வெளியே கொடுத்ததற்காக மடப்பள்ளி ஹரிஹரன் தாற்காலிக நீக்கம், கொடுத்த சோற்றின் மதிப்பு அவரிடம் வசூலிக்கப்படும், கோயில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஒரே காகிதத்தில், ஒரே கையெழுத்தில். அந்தச் சோறு சம்பளம் என்றால் அது திருட்டு இல்லை. திருட்டு என்றால் சம்பளம் இல்லை. இரண்டையும் எப்படி ஒரே பக்கத்தில் எழுத முடியும்? எனக்குத் தர்க்கப் பிழையைக் கண்டால் தூக்கம் வராது.

அம்மாவின் கொடியை மீட்டோம். மிச்சப் பணத்தை அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் பையோடு திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள்.

“காசா வாங்கிண்டா அது வித்த சோறு ஆயிடும்னுட்டாரு.”

அப்பா அதைச் சொல்லும்போது பிராமணர் மாதிரியே சொன்னார். கேலி இல்லை. அப்படியே சொன்னால்தான் சரியாக வரும் என்று நினைத்த மாதிரி. மாமாவுக்குச் சட்டம் தெரியாது. சோற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அவரை வைத்துத்தான் நான் நிரூபித்திருக்கிறேன், அவரே இப்படிப் பேசுகிறார்.

என்னோடு அப்பா சரியாகப் பேசி இரண்டு மாதம் ஆகிறது. சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா, அவ்வளவுதான். பரவாயில்லை. வரலாற்றில் இதெல்லாம் உண்டு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் மாமாவை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இப்போது எதற்காக மதுரை போகிறேன் என்று நினைத்தீர்கள்? அவருக்கான மறுபரிசீலனை மனுதான் இது. நானே எழுதியது, அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாக இருந்தது. நேற்று போய் வாங்கிவிட்டேன். அவர் படிக்கவில்லை. கண்ணாடி உடைந்துபோய்விட்டதாம். “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று போட்டுக்கொடுத்தார். மாமி இந்த முறை வெளியே வரவில்லை. வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சாக்குப் பை நிறைய பித்தளை.

மனு முழுக்கப் புதிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஜெயித்த வாதம் கையில் இருக்கும்போது புதிய வாதம் எதற்கு? எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் மத்தியானம் உலை கொதிக்கிறது. பட்டை வரவில்லை. எனக்குக் கல்லூரி இருப்பதால் முதலில் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டில் இருந்தபோது பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டால், சிலிண்டர் பதினைந்து நாள் கூட வரமாட்டேங்குது என்கிறாள். அவளும் மாமி மாதிரியே ஆகிவிட்டாள். இரண்டு வீட்டிலும் இதே பேச்சு.

உச்சிக்காலம் முடிந்து அப்பா வெளியே வருவதைக் கோயில் முக்கில் நின்று பார்த்தேன். கையில் தூக்கு, மேலே வாழை இலை. எங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை. நேரே மாமா வீட்டுப் படியில் வைத்துவிட்டு, நிற்காமல் வந்துவிட்டார்.

புரிகிறதா? கோயில் சோறு மாமா வீட்டுக்கு இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் மாமாவின் பணித் தொடர்பும் அறுபடவில்லை. அதே வாதம், அதே குழு, அவர்களே எழுதின வாசகம். தப்பிக்கவே முடியாது.

அப்பாவிடம் மனுவைக் காட்டவில்லை. காட்டினால் எழுதாதே என்பார், காரணம் சொல்ல மாட்டார். ஆனால் குழு முன்னால் நிறுத்திவிட்டால் சொல்லிவிடுவார், அது எனக்குத் தெரியும். மாமாவுக்கு வேலையும் வீடும் திரும்பக் கிடைக்கும் என்றால் அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்.

கோவில்பட்டி வந்துவிட்டது போலிருக்கிறது. நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? ஒரு நிமிஷம், இந்த நாலாவது பத்தியை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். “மேற்படி மனுதாரர் வீட்டுக்கு, அவருக்குரிய பங்குச் சோறு இன்றுவரை நாள் தவறாமல் வழங்கப்பட்டு வருகிறது. உத்தரவு ஏதும் இன்றியே அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வருபவர், மேற்படி கோயில் மெய்க்காவல் சிவனணைந்த பெருமாள். அவரே இதற்கு முதல் சாட்சி.”